பெரிய பள்ளியில் முதல் ஆண்டு: பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆரம்பப் பள்ளியை முடித்துவிட்டு உயர்நிலைப் பள்ளிக்குள் நுழையும் பிள்ளைகளுக்கு வகுப்பாசிரியராக இருப்பது என் வேலை. அவர்களுடைய கேள்விகள் எல்லாமே வாய்விட்டு வருவதில்லை. சில டைரியின் கடைசிப் பக்கத்தில் வரும், சில விடுப்புக் கடிதத்துக்குள் ஒளிந்து வரும். பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு வாசற்படியில் நின்று தயங்கித் தயங்கிக் கேட்கப்படுபவையும் உண்டு. அப்படி வந்தவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பிள்ளை கேட்டதற்குப் பிள்ளையிடமும், பெற்றோர் கேட்டதற்குப் பெற்றோரிடமும் பேசுகிறேன். முதல் பருவத்தில் ஒரு பிள்ளை படும் பாட்டில் முக்கால்வாசி இடம் மாறியதால் வருவது, பிள்ளையின் குறையால் வருவதில்லை என்பது என் கட்சி.

போன வருஷம் நாங்கள்தான் பள்ளியிலேயே பெரியவர்கள். இங்கே எங்களைப் ‘பொடிசு’ என்கிறார்கள். ஏன் இப்படி?

உன் உயரம் அதேதான். பக்கத்தில் நிற்பவர்கள் மாறிவிட்டார்கள். பழைய பள்ளியில் மணி அடிக்க உன்னைக் கூப்பிட்டார்கள், சின்னக் குழந்தைகளை வரிசையில் நிறுத்தச் சொன்னார்கள், விழாவில் மைக்கை உன் கையில் கொடுத்தார்கள். ஒரு விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், மீசை அரும்பிய அண்ணன்கள் உன்னை இடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். வரிசையின் தலையிலிருந்து வாலுக்கு ஒரே நாளில் போனால் யாருக்குத்தான் சுருக்கென்று இருக்காது?

அமெரிக்காவில் நியூயார்க் நகரப் பள்ளிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. தங்கள் பள்ளியிலேயே கடைக்குட்டி வகுப்பாக இருந்த பிள்ளைகள், மேல்வகுப்பாக இருந்தவர்களைவிட அதிகமாகச் சீண்டப்படுவதாகவும் பள்ளியோடு ஒட்டாமல் இருப்பதாகவும் சொன்னார்கள். அதே வகுப்பு, வேறு பள்ளியில் மேல்வகுப்பாக இருந்தால் நிலைமை மாறியது. ஆக, உனக்கு இப்போது இருப்பது வரிசையில் நிற்கும் இடத்தைப் பொறுத்த உணர்ச்சி. அடுத்த வருஷம் உனக்குப் பின்னால் ஒரு வகுப்பு வரும்.

முதல் வாரம் தப்பான வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டேன். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதுதான் தெரிந்தது. எல்லாரும் சிரித்தார்கள். இனி அந்த வராந்தா பக்கம் எப்படிப் போவது?

நேராகவே போ. சிரித்தவர்களுக்கு அது அன்றைக்கு மதியம் வரைக்கும்கூட ஞாபகம் இருந்திருக்காது.

சும்மா சமாதானம் சொல்லவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் இதைச் சோதித்துப் பார்த்து 2000இல் வெளியிட்டார்கள். போடவே கூச்சமாக இருக்கும்படி, ஒரு பாடகரின் முகம் பெரிதாக அச்சிட்ட டி-சட்டையை ஒரு மாணவருக்கு மாட்டிவிட்டு, சிலர் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். வெளியே வந்ததும், சட்டையில் இருந்தது யார் என்று எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டார்கள். கிட்டத்தட்டப் பாதிப்பேர் என்றார்கள் மாட்டியவர்கள். உள்ளே இருந்தவர்களைக் கேட்டால், சொல்லத் தெரிந்தவர்கள் கால்வாசிப் பேர்தான். உன் வயதில் இது இன்னும் கூடுதல். எந்நேரமும் ஒரு கூட்டம் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். டேவிட் எல்கைண்ட் என்பவர் 1967இல் இதற்குக் ‘கற்பனைப் பார்வையாளர்கள்’ என்று பெயரே வைத்தார். அந்தக் கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தன் முகப்பரு, தன் சட்டைப் பொத்தான், தன் குரல் பற்றிய கவலைதான்.

நானே ஒருமுறை செக்‌ஷன் மாறிப் போய்க் கால் மணி நேரம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. மும்முரமாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எந்த அறை எங்கே என்றே பிடிபடவில்லை.

அறை எண்ணை மனப்பாடம் செய்யாதே, அடையாளத்தைப் பிடித்துக்கொள். ‘தண்ணீர்க் குழாய்க்கு எதிர்ப் படி, ஏறினதும் இடது பக்கம் லேப்’ என்று. முதல் வாரத்தில் ஒரு நாள் கொஞ்சம் சீக்கிரம் வந்து, கூட்டம் சேர்வதற்கு முன் டைம் டேபிள்படி ஒரு சுற்று நடந்துவிடு. இரண்டாவது வாரம் கால் தானாகவே போகும்.

இதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. பள்ளியில் டாய்லெட்டுக்குப் போகவே பயமாக இருக்கிறது. வீட்டுக்குப் போகும்வரை அடக்கிக்கொள்கிறேன்.

இதை நீ ஒருத்தர்தான் கேட்கிறாய் என்று நினைக்காதே. ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்கிறார்கள். கேட்காதவர்கள்தான் அதிகம்.

என் வகுப்பில் ஒரு பையனுக்குத் தினமும் கடைசிப் பீரியடில் தலைவலி வரும். மேஜையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்வான். அவன் அம்மா கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போனார், பார்வையில் கோளாறு இல்லை. ஒரு நாள் அவன் தண்ணீர் பாட்டிலை நகர்த்த எடுத்தேன். மாலை மணி அடிக்கப் போகும் நேரம், பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது. காலையில் வீட்டில் ஊற்றிக் கொடுத்த தண்ணீர், ஒரு வாய்கூடக் குறையவில்லை. ஏன் என்று கேட்டால் தரையைப் பார்த்தான். “குடிச்சா போகணும் டீச்சர். அங்க பெரிய அண்ணனுங்க நிக்கிறாங்க.”

அவர்கள் இவனை ஒன்றும் செய்ததில்லை. கண்ணாடி முன் நின்று தலை சீவுவார்கள், சத்தம் போட்டுச் சிரிப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் ஆறேழு நெடிய முதுகுகளுக்கு நடுவில் புகுந்து போக அவனுக்குத் தைரியம் வரவில்லை. காலையிலிருந்து மாலைவரை தண்ணீர் குடிக்காமல் இருந்ததில் தலை வலித்தது.

நாங்கள் செய்தது சின்ன ஏற்பாடு. இடைவேளையில் போகாமல், அடுத்த பீரியட் தொடங்கி ஐந்து நிமிடம் ஆனதும் போகலாம் என்று சொல்லி, பாட ஆசிரியர்களிடமும் சொல்லிவைத்தேன். அப்போது அங்கே ஆள் இருக்காது. ஒரு மாதத்தில் இடைவேளையிலேயே போக ஆரம்பித்துவிட்டான். நீயும் உன் வகுப்பாசிரியரிடம் கேள். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் துண்டுச் சீட்டில் எழுதி நோட்டுக்குள் வைத்துக் கொடு. அடக்கி அடக்கி வைத்தால் சிறுநீர்த் தொற்று வரும், மலச்சிக்கல் வரும். அதனால் இது தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, சுத்தமாக இல்லை என்பதுதான் காரணம் என்றால் அதையும் சொல். அது பள்ளி சரிசெய்ய வேண்டிய வேலை. பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பள்ளியிலிருந்து வரும் பாட்டிலில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள்.

பையைத் தூக்கவே முடியவில்லை. முதுகு வளைந்து நடக்கிறாள். இவ்வளவு புத்தகம் தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. பை, பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைச் சுற்றி இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. 35 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு மூன்றரைக் கிலோ. ஒரு பெண்ணின் பையை ஒருநாள் மேஜைமேல் கொட்டச் சொன்னேன். எல்லாப் பாடப் புத்தகமும், எல்லா நோட்டும், அட்லஸ், இரண்டு ஜாமெட்ரி பாக்ஸ். ஏன் இரண்டு? “ஒண்ணு தொலைஞ்சா டீச்சர்?” என்றாள். எதையாவது விட்டுவிட்டு வந்து எல்லார் முன்னாலும் எழுந்து நிற்க நேருமோ என்ற பயம்தான் அந்தப் பையில் பாதி எடை.

அதனால் ‘குறை, குறை’ என்று சொல்லிப் பயனில்லை. டைம் டேபிளைக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். இரவு சாப்பிட்ட பிறகு அவளே அதைப் பார்த்துப் பையை அடுக்கட்டும். முதல் இரண்டு வாரம் பக்கத்தில் உட்காருங்கள், கையை வைக்காதீர்கள். பையின் இரண்டு வாரையும் மாட்டி, கனமான புத்தகம் முதுகை ஒட்டி வரும்படி வைக்கச் சொல்லுங்கள். ஒரு தோளில் தொங்கவிடுவது பார்க்க அழகாக இருக்கலாம், உடம்புக்கு நல்லதில்லை.

முன்பு எங்களுக்கு ஒரே டீச்சர். இப்போது எட்டுப் பேர். ஒருவர் சிவப்பில் கோடு போடு என்கிறார், இன்னொருவர் சிவப்பைத் தொடாதே என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

அந்தந்தப் பீரியடில் அந்தந்த ஆள் சொல்வதை. சிரிக்காதே, இதுதான் விடை. ஒவ்வொரு பாட நோட்டின் முதல் பக்கத்திலும் அந்த ஆசிரியரின் விருப்பு வெறுப்புகளை நாலு வரியில் எழுதி வை: மார்ஜின் எந்தப் பக்கம், தேதி எங்கே, தாமதமானால் என்ன செய்வார், சந்தேகம் எப்போது கேட்கலாம்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். பழைய டீச்சருக்கு நீ காலையில் வகுப்புக்குள் நுழையும்போதே முகம் வாடியிருப்பது தெரிந்துவிடும். நாள் முழுக்க உன்னோடு இருந்தார். இங்கே ஓர் ஆசிரியர் உன்னை முக்கால் மணி நேரம் பார்க்கிறார், பிறகு அடுத்த வகுப்பு, அதற்கும் அடுத்த வகுப்பு. உனக்குக் காய்ச்சல் என்பது நீ சொன்னால்தான் தெரியும். அக்கறை இல்லை என்று எடுத்துக்கொள்ளாதே, வாய்விட்டுச் சொல்லப் பழகு. ‘டீச்சர், எனக்கு இந்தக் கணக்கில் இரண்டாவது வரியிலிருந்து புரியவில்லை’ என்று இடத்தைச் சுட்டிக் கேட்டால், எப்படிப்பட்ட சிடுமூஞ்சி ஆசிரியரும் நின்று சொல்லித் தருவார். ‘ஒண்ணுமே புரியலை’ என்றால் எங்களுக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது.

ஹோம்வொர்க்கை வேண்டுமென்று விடவில்லை. நிஜமாகவே மறந்துபோகிறது.

நம்புகிறேன். திட்டமிடுவது, வரிசைப்படுத்துவது, நினைவில் வைத்துச் செய்வது எல்லாம் மூளையின் முன்பக்கத்து வேலை. அந்தப் பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்ட வேண்டும். அதுவரை உன் மூளையை நம்பாதே, பேனாவை நம்பு. ஆசிரியர் சொன்ன அந்த நிமிடமே டைரியில் எழுது. ‘கணக்கு ஹோம்வொர்க்’ என்று எழுதினால் வீட்டில் போய் விழிப்பாய். ‘பயிற்சி 2, கணக்கு 4 முதல் 7 வரை, நாளைக்கு’ என்று எழுது. மணி அடித்தபின் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டதெல்லாம் போனதுதான்.

அங்கே எப்போதும் முதல் மூன்று பேரில் ஒருத்தியாக இருந்தேன். இங்கே முதல் தேர்வில் பதினேழாவது. நான் மக்காகிவிட்டேனா?

இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பல பிள்ளைகள் மனம் ஒடிந்துபோகிறார்கள்.

முதலில் கணக்கைப் பார். பல சின்னப் பள்ளிகளின் முதல் மூன்று பேரும் ஒரே பெரிய வகுப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். எல்லாரும் முதல் மூன்றில் இருக்க இடம் போதாது. ஹெர்பர்ட் மார்ஷ் என்ற கல்வி உளவியலாளர் 1980களிலிருந்து இதை ஆராய்ந்து வந்தார். ஒரே அளவு திறமையுள்ள இரண்டு பிள்ளைகளில், கெட்டிக்காரர்கள் நிறைந்த வகுப்பில் இருப்பவர்தான் தன்னைப் பற்றிக் குறைவாக நினைக்கிறார். சின்னக் குளத்தில் பெரிய மீனாக இருப்பதோடு ஒப்பிட்டு அதற்குப் பெயரும் வைத்தார்கள். திறமை அங்கேயே இருக்கிறது, அளவுகோல் மாறிவிட்டது.

இரண்டாவது, இதுவரை படித்த முறை இங்கே செல்லாது. ஆரம்பப் பள்ளியில் வகுப்பில் கவனித்ததே தேர்வுக்குப் போதுமானதாக இருந்திருக்கும். பாடம் சின்னது, டீச்சர் திரும்பத் திரும்பச் சொல்வார். இங்கே ஒரு பாடம் முடிந்து மூன்று வாரம் கழித்துத் தேர்வு வரும். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே அளந்து பார்த்து 1885இல் எழுதினார். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போயிருந்தது. ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு போயிருந்தது. அதற்குப் பிறகு மறப்பது மெதுவாகிறது. பாடத்துக்குப் பொருள் இருப்பதால் அவ்வளவு வேகமாக மறக்காது என்றாலும், போகிற போக்கு அதுதான். அன்றைக்கு நடத்தியதை அன்றைக்கே ஒரு பத்து நிமிடம் புரட்டு என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

புரட்டுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் மாணவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு ஒரு பத்தியைத் திரும்பப் படித்தது. இன்னொரு பிரிவு ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் அவர்களுக்கு 42 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே. எனவே கலர் பேனாவால் அடிக்கோடு போட்டு ஐந்து முறை வாசிப்பதை விட்டுவிடு. புத்தகத்தை மூடு. ரஃப் நோட்டில், ஞாபகம் இருப்பதைக் கிறுக்கு. பிறகு திறந்து, விட்டதைப் பார். அந்தப் பக்கம் அலங்கோலமாகத்தான் இருக்கும், பரவாயில்லை, அதை யாரும் திருத்தப் போவதில்லை.

பதினேழாவது ரேங்க் பற்றி வீட்டில் என்ன சொல்வது என்கிறாயா? விடைத்தாளை எடுத்துக் காட்டு. ரேங்க் ஓர் எண், அதைப் பார்த்து எதையும் திருத்த முடியாது. எந்தக் கேள்வியில் மார்க் போயிற்று என்று பார்த்தால் அடுத்த தேர்வுக்கு வழி தெரியும்.

என் உயிர்த்தோழி வேறு செக்‌ஷனுக்குப் போய்விட்டாள். இங்கே எல்லாரும் ஏற்கெனவே கூட்டமாகச் சேர்ந்துவிட்டார்கள். மதியம் தனியாகத்தான் சாப்பிடுகிறேன்.

முதல் மாதத்துக் கூட்டங்களைப் பார்த்துப் பயந்துவிடாதே. பழைய பள்ளியில் ஒன்றாக இருந்தவர்கள் பயத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள், அவ்வளவுதான். இரண்டாம் பருவத்தில் பார், பாதிக் கூட்டம் கலைந்து வேறு மாதிரிச் சேர்ந்திருக்கும். இதை ஒவ்வொரு வருஷமும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நட்பு என்பது பெரும்பாலும் நேரம். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், புதிய ஊருக்கு வந்த பெரியவர்களையும் கல்லூரி முதலாண்டு மாணவர்களையும் வைத்து 2018இல் ஒரு கணக்குச் சொன்னார்: அறிமுகமானவர் சும்மா பேசிப் பழகும் நண்பராக மாற ஏறக்குறைய 50 மணி நேரம், நல்ல நண்பராக 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். உன் வயதுக்கு அதே எண் பொருந்த வேண்டும் என்பதில்லை, ஆனாலும் கணக்குப் போட்டுப் பார். ஒரு நாளைக்குச் சாப்பாட்டு வேளையில் அரை மணி நேரம் என்றால் 50 மணி நேரத்துக்கு நூறு பள்ளி நாள். பாட வேளையில் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் அது இந்தக் கணக்கில் சேராது. எனவே மூன்றாவது வாரத்தில் உனக்கு உயிர்த்தோழி கிடைக்காதது உன் குணத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

நேரம் தானாகச் சேரும் இடத்துக்குப் போ. நூலகம், கோரஸ், கோகோ, சதுரங்கம், தோட்டம், எதுவாக இருந்தாலும் சரி. கையில் ஒரு வேலை இருந்தால் பேச்சைத் தேட வேண்டியதில்லை. ‘நாம் நண்பர்களாக இருக்கலாமா’ என்று யாரும் கேட்பதில்லை. ‘ஸ்கேல் இருக்கா?’ என்றுதான் எல்லாம் ஆரம்பிக்கிறது. மதியத்தில் கூட்டத்துக்குள் நுழையத் தயக்கமாக இருந்தால், உன்னைப் போலவே ஓரமாக உட்கார்ந்திருக்கும் இன்னொருத்தியைக் கண்டுபிடி. எல்லா வகுப்பிலும் ஒருத்தி இருக்கிறாள். அவளும் புத்தகம் படிப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருப்பாள், பக்கம் மட்டும் புரளாது.

பழைய தோழியை விட்டுவிடாதே. ஆனால் ஒவ்வோர் இடைவேளையிலும் அவள் வகுப்பு வாசலுக்கு ஓடினால் உன் வகுப்பில் உனக்கு ஒருத்தரும் சேரமாட்டார்கள். வாரத்தில் இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சீனியர்கள் பாட்டுப் பாடச் சொல்கிறார்கள், பட்டப்பெயர் வைக்கிறார்கள். இது விளையாட்டா, இல்லையா?

டான் ஓல்வியஸ் என்ற ஆய்வாளர் பள்ளித் துன்புறுத்தலுக்கு மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே நோகடிப்பது, அது திரும்பத் திரும்ப நடப்பது, செய்பவர் கை ஓங்கியிருப்பது. என் பங்குக்கு ஒரு சோதனை சேர்க்கிறேன். நீ ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிகிறதா? சொன்னால் விட்டுவிடுகிறார்களா? விட்டால் அது கிண்டல். விடாமல் மறுநாளும் வந்தால் அது துன்புறுத்தல். அவர்கள் சிரிக்கிறார்கள் என்பதற்காக அது விளையாட்டு ஆகிவிடாது.

அப்படியானால், யார், எங்கே, எப்போது, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி ஒரு பெரியவரிடம் கொடு. அது கோள் சொல்வதில் சேராது. பணம் கேட்டாலோ, உடம்பைத் தொட்டாலோ, படம் எடுத்தாலோ இரண்டாவது தடவைக்குக் காத்திருக்காதே, அன்றைக்கே சொல். முதலில் சொன்ன ஆள் அசட்டை செய்தால் அடுத்த ஆளிடம் போ.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: சில பள்ளிகளில் பெரியவர்களே ‘இதெல்லாம் சகஜம், நாங்களும் பட்டோம்’ என்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. அவர்கள் பட்டது அன்றைக்கும் தப்புதான். நல்ல சீனியர்களும் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்த ஆசிரியர் எப்போது சிரிப்பார், நூலகத்தில் எந்த அலமாரி நல்லது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

காலையில் எழுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிறது. ராத்திரி தூக்கம் வரவில்லை என்கிறான். சோம்பேறித்தனமா?

பருவ வயது தொடங்கும்போது உடம்பின் கடிகாரம் தாமதமாகத் தள்ளிப் போகிறது. தூக்கத்தைக் கூட்டிவரும் மெலடோனின் முன்பைவிடத் தாமதமாகச் சுரக்கிறது. இந்தத் தள்ளிப்போதல் வயது ஏற ஏற இரண்டு மணி நேரம்வரை போகலாம். அவன் படுத்தும் புரண்டுகொண்டிருப்பது நடிப்பில்லை. இதை வைத்துத்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014இல், இந்த வயதினருக்கான பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. பள்ளி நேரத்தை உங்களால் மாற்ற முடியாது. படுக்கும் முன் ஒரு மணி நேரம் திரையை அணைக்கலாம், போனை வேறு அறையில் சார்ஜ் போடலாம், காலையில் முதல் வேலையாக வெளிச்சத்தில் நிறுத்தலாம். விடுமுறை நாளில் உச்சிவரை தூங்கவிட்டால் அன்று இரவு மறுபடி சிக்கல். 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும். வீட்டுப்பாடத்துக்காக அதைக் குறைக்கிறோம் என்றால், எதை விடலாம் என்று ஆசிரியரிடமே கேளுங்கள்.

என் வகுப்பில் சில பெண்கள் டீச்சர் உயரம் இருக்கிறார்கள். நான் மட்டும் குட்டையாக இருக்கிறேன்.

பெண்களுக்குப் பருவ மாற்றம் 8 வயதிலிருந்து 13க்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், பையன்களுக்கு 9 முதல் 14. மளமளவென்று வளரும் கட்டம் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு வருஷம் முந்தி வருகிறது. ஒரே வகுப்பில் ஒருத்தி முடித்திருப்பாள், ஒருத்தன் தொடங்கியே இருக்கமாட்டான். குரூப் போட்டோ எடுக்கிறவர் பாடுதான் திண்டாட்டம்.

பெண் பிள்ளைகளுக்கு: மாதவிடாய் பள்ளியில் முதல்முறை வந்தால் என்ன செய்வது என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள். பைக்குள் சின்னப் பையில் ஒரு நாப்கினும் மாற்று உள்ளாடையும். எந்த டீச்சரிடம் போய்ச் சொல்வது என்று ஒரு பெயரை முடிவுசெய்து வை. முதல் ஓரிரு வருஷம் தேதி தவறித் தவறி வருவது இயல்பு, எனவே பை எப்போதும் இருக்கட்டும்.

“இன்னிக்கு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால் “ம்” என்கிறாள். முன்பெல்லாம் வாய் ஓயாது.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்கிறீர்களா? அப்போது அவளுக்குப் பசி, களைப்பு, நாள் முழுக்க அந்நியர் நடுவில் முகத்தைச் சரியாக வைத்திருந்த அலுப்பு. முதலில் சாப்பிடவிடுங்கள். பிறகு, விடை ‘நல்லா இருந்துச்சு’ என்று வர முடியாத கேள்வியாகக் கேளுங்கள்: இன்றைக்கு யார் திட்டு வாங்கினார்கள்? பக்கத்தில் யார் உட்கார்ந்தது? எதிரெதிரே உட்கார்ந்து விசாரிப்பதைவிட, சேர்ந்து துணி மடிக்கும்போது, நடந்துபோகும்போது பேச்சு வரும். அவள் ஒன்றைச் சொன்னவுடன் அறிவுரையைத் தொடங்கிவிடாதீர்கள். ‘நாளைக்கே வந்து டீச்சரிடம் பேசுகிறேன்’ என்று எழுந்தால் அடுத்த முறை சொல்லமாட்டாள். “நான் ஏதாவது செய்யணுமா, கேட்டுக்கிட்டா போதுமா?” என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் கேட்டால் போதும் என்பார்கள்.

எல்லாரிடமும் போன் இருக்கிறது, வகுப்பு குரூப்பில் நான் மட்டும் இல்லை என்று அழுகிறான்.

‘எல்லாரும்’ என்றால் எத்தனை பேர் என்று முதலில் விசாரியுங்கள். என் அனுபவத்தில் அது ஆறு பேராக இருக்கும். பல சமூக ஊடகங்களின் விதிப்படியே கணக்குத் தொடங்க 13 வயது ஆக வேண்டும். பாடச் செய்திகளுக்கு வீட்டுப் பெரியவர் எண்ணைக் குரூப்பில் சேர்க்கலாம். இரவு பதினொரு மணிக்கு அந்தக் குரூப்பில் ஓடுவது பாடம் இல்லை என்பதை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

திங்கட்கிழமை காலை என்றால் வயிற்றுவலி. மருத்துவர் ஒன்றுமில்லை என்கிறார். நடிக்கிறானா?

வலி உண்மை. பதற்றம் வயிற்றில் வலியாக வருவது குழந்தைகளிடம் சர்வசாதாரணம். விடுமுறை நாளில் வலி இல்லை, பள்ளி நாளில் மட்டும் வருகிறது என்றால் பள்ளியில் என்ன என்று தேட வேண்டும். ஒரு குறிப்பிட்ட பீரியடா, பஸ்ஸில் ஒருவனா, சத்தமாக வாசிக்கச் சொல்லும் ஆசிரியரா? பாதி நேரம் காரணம் கையடக்கமாகத்தான் இருக்கும். வலிக்கிறதே என்று வீட்டில் நிறுத்தினால் அன்றைக்கு நிம்மதி, மறுநாள் போவது இரண்டு மடங்கு கஷ்டம். எனவே வகுப்பாசிரியரிடம் பேசி, இரண்டு பீரியடாவது வரட்டும் என்று ஏற்பாடு செய்யுங்கள்.

சாப்பாடு குறைவது, பிடித்த விளையாட்டைக்கூட விட்டுவிடுவது, தூக்கம் கெடுவது, எடை குறைவது, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ போங்கள். ‘நான் இல்லாமல் போனால் நல்லது’ என்ற மாதிரி ஒரு சொல் வந்தால், தன்னையே காயப்படுத்திக்கொண்டால், அன்றைக்கே.

எத்தனை நாளில் எல்லாம் சரியாகும்?

இடம் பழக இரண்டு வாரம். பழக்கவழக்கம் பிடிபட ஒரு பருவம். இது என் பள்ளி என்று வாயில் தானாக வருவதற்கு ஒரு வருஷம் ஆகலாம்.

அமெரிக்காவில் ஜெஃப்ரி போர்மன் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடித்தது. புதிய பள்ளிக்கு வந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, மேல்வகுப்பு மாணவர்கள் சொன்னதைப் படிக்கக் கொடுத்தார்கள்: ஆரம்பத்தில் நானும் பயந்தேன், யாரும் என்னைச் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள் என்று நினைத்தேன், கொஞ்ச நாளில் சரியாயிற்று என்பதுபோல. பிறகு தங்கள் கதையை எழுதச் சொன்னார்கள். வருஷத் தொடக்கத்தில் இரண்டே தடவை. அந்த வருஷம் அப்பிள்ளைகள் விடுப்பு எடுப்பது குறைந்தது, ஒழுங்குப் புகார்கள் குறைந்தன, தேர்ச்சி பெறாத பாடங்களும் குறைந்தன. அதைப் படித்த பிறகு நானும் என் பழைய மாணவர்களிடம் அரைப் பக்கம் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். முதல் வாரம் புதியவர்களிடம் சுற்றுக்கு விடுவேன். போன வருஷம் அதிகமாகக் கை மாறியது, டாய்லெட்டுக்குப் போக எது நல்ல நேரம் என்று ஒரு பையன் எழுதிய தாள். மடித்து மடித்துக் கிழிந்துபோயிற்று, இப்போது நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

பழைய பள்ளி டீச்சரைப் பார்க்கப் போகலாமா?

தாராளமாகப் போ. வகுப்பு நடக்கும் நேரத்தில் போகாதே, மாலையில் மணி அடித்த பிறகு போ. மார்க் என்ன என்று அவர் கேட்பார், தயாராக இரு.